ஜிபிஎஸ் திரையில் தெரியும் எண்கள் எங்கிருந்து வருகின்றன?

கையடக்க ஜிபிஎஸ் கருவியை மலையில் இயக்கினால் சின்னத் திரையில் ஐந்தாறு விஷயங்கள் ஒன்றாகத் தெரியும். நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. உயரம். எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்று ஓர் அம்பு. போகவேண்டிய இடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு வரைபடம். ஒரே எழுத்தில், ஒரே தோரணையில் இருப்பதால் எல்லாமே வானத்திலிருந்து இறங்கியவை என்று நினைத்துக்கொள்கிறோம். செயற்கைக்கோள் நன்றாகச் சொல்வது முதல் இரண்டு எண்களைத்தான். உயரத்தையும் சொல்லும், ஆனால் சுமாராகத்தான். அதனால் கொஞ்சம் விலை கூடிய கருவிகள் உயரத்தைக் காற்றழுத்தத்திலிருந்து எடுக்கின்றன. அம்பு காந்தத்திலிருந்து வருகிறது. தூரம் வெறும் கணக்கு. வரைபடம் யாரோ எப்போதோ வரைந்தது. ஒவ்வொன்றும் தப்பிப்போக ஒவ்வொரு காரணம் உண்டு. எது தப்பியிருக்கும் என்று தெரியாமல், காட்டில் நின்றுகொண்டு செயற்கைக்கோளைத் திட்டிப் பயனில்லை.

முதலில் இருப்பிடம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும், தான் எங்கே இருக்கிறது, தன் அணுக்கடிகாரத்தில் மணி என்ன என்ற இரண்டையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. நம் கையிலுள்ள கருவி எதையும் அனுப்புவதில்லை, கேட்பதோடு சரி. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடுகிறது. ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போய்விடும். கருவிக்குள் இருப்பதோ சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். அந்தக் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால், மூன்று செயற்கைக்கோள்கள் போதாமல் நான்காவது ஒன்று தேவைப்படுகிறது.

2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது. அப்போது 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகுதான் மலையேறுகிறவர்களுக்கு இந்தக் கருவி நிஜமாகவே உதவத் தொடங்கியது. இன்று திறந்த வானத்தின் கீழ் சாதாரண செல்போனே ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லிவிடுகிறது.

அந்தச் செல்போன் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். டவர் இல்லாத இடத்தில் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். வேலை செய்யும். ஏரோபிளேன் மோடில் போட்டாலும் செய்யும். இணையம் இருந்தால் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலைப் போன் முன்கூட்டியே வாங்கிவிடுகிறது, அதனால் சட்டென்று இடத்தைக் காட்டுகிறது. இணையம் இல்லையென்றால் அதே தகவலைச் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். ஒரு செயற்கைக்கோள் தன்னைப் பற்றிய தகவலை 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்கிறது. நடுவில் ஒரு மரக்கிளை மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் கிளம்பும் முன் மரமில்லாத இடத்தில் இரண்டு நிமிடம் கருவியைச் சும்மா வைத்திருக்கச் சொல்வார்கள்.

அப்படியானால் தனிக் கருவி எதற்கு? துல்லியத்துக்காக இல்லை. கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்ற கருவி இரண்டு ஏஏ பேட்டரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும். தீர்ந்தால் பெட்டிக்கடையில்கூட மாற்று பேட்டரி கிடைக்கும். உள்ளே பேட்டரி பொதிந்த ஜிபிஎஸ்மேப் 67, ஒரு சார்ஜில் 180 மணி நேரம் வரை தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை ஒத்துழைக்காது, பட்டன் ஒத்துழைக்கும். உச்சி வெயிலில் போன் திரை கறுத்துவிடும். இதன் திரையோ வெயில் பட்டால் இன்னும் தெளிவாகும். ஒருநாள் நடைக்கு, முன்கூட்டியே இறக்கிவைத்த வரைபடமும் ஒரு பவர் பேங்கும் உள்ள போனே போதும் என்பது என் கருத்து. இரண்டாம் நாள் மழையில்தான் தனிக் கருவி தன் விலையை நியாயப்படுத்தும்.

திரையில் ‘துல்லியம்: 4 மீ’ என்று ஓர் எண் வரும். அது உத்தரவாதம் கிடையாது, கருவி தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். சோலைக்காட்டின் ஈர இலைகள் சிக்னலை உறிஞ்சும். செங்குத்தான பாறைச்சுவர் அதைத் திருப்பி அடிக்கும். பாறையில் பட்டுச் சுற்றி வந்த சிக்னலுக்குக் கூடுதல் நேரம் ஆகியிருக்கும். கருவி அதை நம்பி உங்களை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கும், அப்போதும் ‘4 மீ’ என்றே சொல்லக்கூடும். புதிய கருவிகள் எல்1 என்ற பழைய அலைவரிசையோடு எல்5 என்ற இரண்டாவதையும் சேர்த்துக் கேட்கின்றன. எல்5 சிக்னலின் குறியீடு பத்து மடங்கு வேகமாக மாறுவதால், நேராக வந்தது எது, எதிரொலித்து வந்தது எது என்று பிரித்தறிவது எளிது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நடத்தும் ககன் திருத்தச் சிக்னலையும் பல கருவிகள் எடுத்துக்கொள்ளும்; அது அயனிமண்டலத்தில், அதாவது மேல்வளிமண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற அடுக்கில், ஏற்படும் தாமதத்தைச் சரிசெய்யும், பாறை எதிரொலியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அயனிமண்டலம் என்றதும், நம் ஊருக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும், மேல்வளிமண்டல ஆய்வு நிலையம் ஒன்று திருநெல்வேலி அருகே இருப்பதற்கும் அதுவே காரணம். இந்தப் பட்டையில், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், பொழுது சாய்ந்த சில மணி நேரத்துக்கு அயனிமண்டலம் கொந்தளித்துச் சிக்னலைக் குலைக்கும். பகலில் நடப்பவர்களுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. இரவில் முகாமில் உட்கார்ந்திருக்கும்போது திரையில் நீங்கள் நடந்துகொண்டிருந்தால் பதற வேண்டாம், அவ்வளவுதான்.

கருவியை எங்கே மாட்டுகிறோம் என்பது பலர் கவனிக்காத சங்கதி. கால்சட்டைப் பையில் வைத்தால் பாதி வானத்தை உங்கள் உடம்பே மறைத்துவிடும். பையின் தோள்பட்டை வாரில், மேல்நுனி வானம் பார்க்க மாட்டுவதுதான் சரி.

அடுத்து உயரம். கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று போனிலுள்ள சில செயலிகளைத் திறந்தால், உயரம் மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே என்று காட்டும். செயலி கெட்டுப்போகவில்லை. ஜிபிஎஸ் அளப்பது, பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து உள்ள உயரத்தை. உண்மையான கடல்மட்டம் புவியீர்ப்புக்கு ஏற்ப மேடுபள்ளமாக இருக்கும். உலகிலேயே மிக ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்தக் கற்பனைக் கோளத்தைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்வு. தமிழகம் முழுவதும் அந்தச் சரிவில்தான் உட்கார்ந்திருக்கிறது. கையடக்கக் கருவிகளில் இதற்கான திருத்த அட்டவணை உள்ளேயே இருக்கும், போன் செயலிகளில் சிலவற்றில் இருக்காது. நண்பரின் போனும் உங்கள் கருவியும் உயரத்தில் 90 மீட்டர் முரண்பட்டால் காரணம் இதுதான்.

காற்றழுத்தமானி உள்ள கருவி வேறு வழியில் போகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும். 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ 10 மீட்டர் ஏறிவிட்டோம் என்று கணக்கு. ஏற்ற இறக்கத்தை ஓரிரு மீட்டர் நுணுக்கத்தில் பிடித்துவிடும், அதில் செயற்கைக்கோள் இதனிடம் தோற்கும். சிக்கல் என்னவென்றால், அழுத்தம் வானிலையாலும் மாறும். வெப்பமண்டலத்தில் மேகமே இல்லாத நாளிலும் காலை பத்து மணியளவில் அழுத்தம் உச்சத்துக்குப் போய், மாலை நான்கு மணியளவில் சில ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். ஆக, கருவியை ஒரு பாறைமேல் வைத்துவிட்டுத் தூங்கினால்கூட அது மாலைக்குள் இருபது முப்பது மீட்டர் ‘ஏறியிருக்கும்’. தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி இருந்தாலும், உயரம் எழுதிய பலகை எதிர்ப்படும் இடங்களில் கையாலேயே திருத்திவிடுவது நல்லது. அசையாமல் இருக்கையில் உயரம் வழக்கத்தைவிட மளமளவென்று கூடினால், அது மழை வரப்போவதற்கான குறிப்பாகவும் இருக்கலாம்.

திசைகாட்டியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். விலை குறைந்த கருவிகளில் காந்தத் திசைகாட்டி இருக்காது. நகர்ந்தால்தான் அவற்றுக்குத் திசை தெரியும். நின்றுகொண்டு கருவியைச் சுழற்றினால் அம்பு ஏமாற்றும், பத்தடி நடந்தால் சரியாகிவிடும். திசைகாட்டி உள்ளவற்றில் பேட்டரி மாற்றும்போதெல்லாம் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். காந்தம் வைத்த போன் உறை பக்கத்தில் இருக்கக் கூடாது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகள் பக்கம் பக்கமாகப் பேசும். தமிழகத்தில் அது இரண்டு டிகிரிக்குள்தான், மறந்துவிடலாம்.

விஷயம் கனமாவது வரைபடத்தில்தான்.

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு ஒரு அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்ததுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை. பின்னால் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவைகளைக் கொண்டு, இந்தியாவின் நிலப்பரப்புக்கு நன்றாகப் பொருந்தும்படி ஒரு புவி வடிவத்தைக் கணக்கிட்டார். 1830-ன் எவரெஸ்ட் நீள்கோளம் என்று அதற்குப் பெயர். இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட்டுகள் என்ற நில அமைப்பு வரைபடத் தாள்கள், நீலகிரி அடங்கிய 58ஏ, பழனி மலை அடங்கிய 58எஃப் உட்பட, எல்லாம் அதன்மேல் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவதோ டபிள்யூஜிஎஸ்-84 என்ற உலகப் பொது அடிப்படை; பூமியின் நிறை மையமே அதன் மையம். எவரெஸ்டின் கோளத்துக்கு மையம் வேறு இடத்தில். விளைவு, ஒரே பாறைக்கு இரண்டு அட்சரேகை, இரண்டு தீர்க்கரேகை. தமிழக மலைகளில் இந்த இடைவெளி ஏறத்தாழ 200 மீட்டர்.

சமவெளியில் 200 மீட்டர் பெரிய விஷயமில்லை. மலையில் அது முகட்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள தூரம். பழைய ஷீட்டை ஸ்கேன் செய்து, அதன் கட்டக்கோடுகளை அப்படியே டபிள்யூஜிஎஸ்-84 என்று எடுத்துக்கொண்டு கருவிக்குள் ஏற்றியவர்கள் உண்டு. அந்த வரைபடத்தில் ஓடை, பாதை, உச்சி எல்லாம் ஒட்டுமொத்தமாக நகர்ந்திருக்கும். அறிகுறி எளிது: எங்கே நின்றாலும் ஒரே திசையில், ஒரே அளவு தள்ளியிருக்கும். பாறை எதிரொலியால் வரும் பிழை இடத்துக்கு இடம் தாறுமாறாக மாறும். வரைபடம் எந்தக் கோளத்தை, எந்த மையத்தை அடிப்படையாக வைத்து வரையப்பட்டது என்பதற்கு டேட்டம் என்று பெயர்; டேட்டம் பிழை இப்படி மாறவே மாறாது. காகித ஷீட்டோடு ஒப்பிட்டு நடப்பவர்கள் கருவியின் அமைப்பில் டேட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். கார்மின் பட்டியலில் ‘இந்தியன் பங்களாதேஷ்’ என்று விசித்திரமாக இருப்பதுதான் இந்தியாவுக்கும் உரியது. வேலை முடிந்ததும் டபிள்யூஜிஎஸ்-84-க்குத் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த குழப்பம் அங்கேதான் தொடங்கும். 2005-ன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த ஷீட்டுகள் டபிள்யூஜிஎஸ்-84-லேயே இருக்கின்றன. இலங்கையிலும் இதே கதைதான்: பழைய நில அளவை வரைபடங்கள் கண்டவல என்ற டேட்டத்தில், எவரெஸ்ட் கோளத்தின்மேல் வரையப்பட்டவை.

நம்மில் பலர் ஏற்றிக்கொள்வது, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து உருவான இலவச வரைபடம். டேட்டம் தொல்லை இல்லை. ஆனால் அதில் ஒற்றையடிப் பாதையாக ஒரு கோடு இருந்தால், யாரோ ஒருவர் எப்போதோ அங்கே நடந்தார் அல்லது செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மிக அகலமாக, மிக ஒழுங்காக, ஏற்றம் தெரியாமல் வளைந்து போகும் தடங்கள் பல யானைகள் போட்டவை. மேலிருந்து பார்த்தாலும் பாதைதான், நடந்து பார்த்தாலும் பாதைதான். அது நீர்நிலைக்கும் மூங்கில் காட்டுக்கும் போகும், உங்கள் முகாமுக்குப் போகாது. கோடு போட்டிருக்கிறது என்பதற்காக அனுமதி உண்டு என்றும் ஆகாது. புலிகள் காப்பகத்தின் மையப்பகுதியிலும் வரைபடத்தில் கோடுகள் இருக்கின்றன.

சம உயரக் கோடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலவச வரைபடங்களில் அவை பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் நாசா விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த ரேடார் அளவையிலிருந்து வந்தவை. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்ந்த காட்டில் அந்த ரேடார் பார்த்தது மரத்தின் தலையை, தரையை அல்ல. 20 மீட்டர் இடைவெளிக் கோடுகளுக்கு நடுவே 12 மீட்டர் செங்குத்துப் பாறை சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ள முடியும். கோடுகள் நெருங்கியிருந்தால் ஆபத்து என்று நம்பலாம். விலகியிருந்தால் பத்திரம் என்று நம்ப முடியாது.

தூரக் கணக்கில் பெரிய மர்மம் இல்லை. ‘கோ டு’ அழுத்தினால் கருவி காட்டுவது காக்கை பறக்கும் தூரம். இலக்கு 800 மீட்டர் என்று இருக்கும், நடுவே பள்ளத்தாக்கும் ஒரு காட்டாறும் இருக்கும். வந்து சேரும் நேரம் என்று காட்டுவது இப்போதைய வேகத்தை வைத்துப் போட்ட வகுத்தல். ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கும்போது அது நாளை மறுநாளைக் காட்டும். நடந்த தூரமும் அப்படியே. மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால், இருந்த இடத்திலேயே புள்ளிகள் அலைந்து சில நூறு மீட்டர் சேர்ந்துவிடலாம். கொண்டை ஊசி வளைவுகளில் மூலைகளை வெட்டிக் குறைத்தும் காட்டும்.

இத்தனை குறைகளுக்கு நடுவே, யாருடைய வரைபடத்தையும் நம்பாமல் முழுக்க உங்களுடையதாக இருப்பது ஒன்றுதான்: கிளம்பிய இடத்திலிருந்து கருவி பதிந்துகொண்டே வந்த தடம். கொடைக்கானல் பக்கம் மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி இருப்பவர் தெரியமாட்டார். அந்த நேரத்தில் வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கு ஈடான வசதி வேறில்லை. அது டேட்டம் மாறினாலும் பிழைக்கும், வரைபடமே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். இரண்டு விஷயம் வேண்டும். பழைய பயணத்தின் தடத்தைச் சேமித்து ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று ஒரு குறி போட வேண்டும். உச்சியில் குறி போடுவதற்கு எல்லோருக்கும் கை வரும். திரும்பும்போது ஆளைத் தொலைக்கும் இடம் உச்சி அல்ல, வரும்போது கவனிக்காமல் விட்ட பிரிவு.

தமிழ்நாட்டில் இன்று மலையேற்றம் பெரும்பாலும் வழிகாட்டியோடுதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை முன்பதிவு முறையில் திறந்தது. உடன் வரும் வழிகாட்டிகள் அந்தந்த மலையின் மக்கள். யானைத் தடத்தையும் ஆள் தடத்தையும் அவர்கள் பிரித்தறிவதை எந்தத் திரையும் செய்யாது. அப்படிப்பட்ட நடையில் கருவி வழி காட்டத் தேவையில்லை, பதிவு செய்தால் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. ஜிபிஎஸ் சிக்னலைக் கேட்க மட்டும் செய்யும் கருவிக்கு இந்தியாவில் தொல்லை இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும், ஆபத்து அழைப்பு விடுக்கும் கருவிகள் வேறு வகை. கார்மினின் இன்ரீச் வரிசை அப்படிப்பட்டது, இரிடியம் செயற்கைக்கோள்களோடு பேசுவது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே இங்கே குற்றம். சமீப ஆண்டுகளில் விமான நிலையப் பரிசோதனையில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் இதற்காகப் பிடிபட்டிருக்கிறார்கள். ஜிபிஎஸ்மேப் 67-க்கும் 67ஐ-க்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் அதிகமில்லை. பெயரின் கடைசியிலுள்ள அந்த ‘ஐ’தான் இன்ரீச். வெளிநாட்டு உறவினரிடம் வாங்கி வரச் சொல்லும்போது மாடல் பெயரை முழுதாகச் சொல்லுங்கள்.

ஆக, நம் மலைகளில் ஆபத்தென்றால் நடைமுறை இதுதான்: ஒருவர் முகட்டுக்கு ஏறி, டவர் கிடைக்கும் இடத்திலிருந்து 112-க்கோ வனத்துறைக்கோ பேசுவார், கருவி காட்டும் எண்ணைப் படிப்பார். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான கையடக்கக் கருவிகள் வாங்கியபடியே வைத்தால் டிகிரியும் மினிட்டுமாகக் காட்டும்; போனும் கூகுள் மேப்பும் தசம டிகிரியில் காட்டும். தொட்டபெட்டா உச்சியின் அட்சரேகை 11 டிகிரி 24 மினிட். தசமத்தில் அது 11.40. ‘பதினொன்று இருபத்துநாலு’ என்று ஒருவர் படித்து, கேட்பவர் 11.24 என்று தட்டினால், தேடும் குழு 18 கிலோமீட்டர் தெற்கே போகும். வீட்டிலேயே அமைப்பைத் தசம டிகிரிக்கு மாற்றிவையுங்கள். அழைக்கும்போது புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்து எஸ்டேட்டின் பெயர், ஓடையின் பெயர், கடைசியாகத் தாண்டிய ஊரின் பெயர் ஆகியவற்றையும் சொல்லுங்கள். எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருந்தால் அவர்களுக்கு அதிலிருந்து தெரிந்துவிடும்.